இடுப்பு வலி வந்த பிறகு மறுபடி நடமாடுவது எப்படி: முதல் நாளில் இருந்து மூன்றாம் மாதம் வரை

இடுப்பு பிடித்துக்கொண்டதும் ஆளுக்கொரு யோசனை வரும். அசையாமல் படு என்பார் ஒருவர். பெல்ட் போடு, ஸ்கேன் எடு, சுளுக்கு எடுப்பவரிடம் போ என்று அடுத்தடுத்து வருவார்கள். நானும் எலும்பு மருத்துவர், பிசியோ, ஸ்கேன் மையம், காப்பீட்டு நிறுவனம் என்று ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் வந்தேன். எதை எப்போது செய்ய வேண்டும், எதற்கு எவ்வளவு ஆகும், எந்தத் தாளைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்று வரிசையாகச் சொல்ல ஆள் கிடைக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் மருத்துவர் இல்லை. பெரியவர்களுக்கு வரும் சாதாரண கீழ்முதுகு வலிக்கான வழி இது. உட்கார்ந்து எழும்போது பிடிப்பது, குனிந்து நிமிரும்போது குத்துவது, சில நேரம் தொடைவரை இறங்குவது போன்ற வலி. கர்ப்பிணிகள், அறுவை சிகிச்சை முடிந்தவர்கள், எலும்பு முறிவு உள்ளவர்கள் தங்கள் மருத்துவர் சொல்படி நடக்கட்டும்.

1. முதலில் இது காத்திருக்கக்கூடிய வலிதானா என்று பாருங்கள்

இந்த ஒரு படியை மட்டும் தாண்டிப் போகாதீர்கள். கீழே உள்ளவற்றில் ஏதாவது இருந்தால் நடைப்பயிற்சிப் பேச்சே வேண்டாம், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். நடக்க முடியாவிட்டால் 108ஐக் கூப்பிடுங்கள்.

சிறுநீர் வரவில்லை, அல்லது கட்டுப்பாடில்லாமல் போகிறது. மலம் அடக்க முடியவில்லை. சைக்கிள் சீட்டில் படும் இடம், அதாவது தொடை இடுக்கும் ஆசனவாயைச் சுற்றிய பகுதியும் மரத்துப்போகிறது. கால் பாதம் தூக்க முடியாமல் செருப்பு நழுவுகிறது, அல்லது காலின் வலு மணிக்கு மணி குறைகிறது. இவை முதுகுத்தண்டின் அடியில் நரம்புக் கொத்து நசுங்குவதற்கான அடையாளங்கள். விடியட்டும் என்று காத்திருந்தால் சிறுநீர்க் கட்டுப்பாடு நிரந்தரமாகப் போய்விடலாம். கூச்சத்தில் இதை வீட்டில்கூடச் சொல்லாமல் மறைப்பவர்கள் உண்டு. மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்.

அவசரம் இல்லை, ஆனால் ஓரிரு நாளில் காட்ட வேண்டும் என்பவை வேறு: காய்ச்சலோடு வரும் முதுகு வலி, காரணமில்லாமல் எடை குறைவது, படுத்தாலும் குறையாத இரவு வலி, முன்பு புற்றுநோய் வந்திருப்பது, நெடுநாள் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுவது, வயதானவர் வழுக்கி விழுந்த பிறகு வரும் வலி. நம் ஊரில் முதுகெலும்புக் காசநோயையும் மறக்கக் கூடாது. மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, பசியின்மை இவற்றோடு முதுகு வலித்தால் அதையும் மருத்துவர் காதில் போடுங்கள். விலாவுக்குக் கீழே ஒரு பக்கமாகத் தொடங்கி அடிவயிற்றுக்கு இறங்கி ஆளைப் புரட்டி எடுக்கும் வலி சிறுநீரகக் கல்லாக இருக்கலாம். அதற்கு இந்தக் கட்டுரை உதவாது.

இன்னொன்று, இளவயதுக்காரர்களுக்கு. நாற்பது வயதுக்குள், மூன்று மாதத்துக்கு மேலாக, காலையில் எழுந்தால் அரை மணி நேரத்துக்கும் மேல் முதுகு விறைப்பாக இருக்கிறது, நடந்தால் குறைகிறது, ஓய்வெடுத்தால் கூடுகிறது என்றால் அது அழற்சி வகை வலியாக இருக்கலாம். பார்க்க வேண்டியது மூட்டுவாத மருத்துவரை. உட்கார்ந்தே வேலை செய்வதால் வந்த வலி என்று வருடக்கணக்கில் இதைத் தள்ளிப்போடுகிறார்கள்.

2. முதல் மூன்று நாள்: படுக்கலாம், படுத்தே கிடக்கக் கூடாது

வலி உச்சத்தில் இருக்கும்போது படுக்காமல் முடியாது. படுங்கள். மல்லாந்து படுத்து முழங்காலுக்கு அடியில் இரண்டு தலையணை, அல்லது ஒருக்களித்துப் படுத்து முழங்கால்களுக்கு இடையில் ஒரு தலையணை. கட்டில்தான் வேண்டும், தரைதான் வேண்டும் என்று ஒன்றும் இல்லை. எதிலிருந்து எழுவது எளிதோ அதில் படுங்கள். எழும்போது நேராக நிமிர்ந்து எழாமல், பக்கவாட்டில் திரும்பி, கால்களைக் கீழே இறக்கியபடி கையை ஊன்றி எழுங்கள்.

ஆனால் விழித்திருக்கும் நேரத்தில் மணிக்கு ஒருமுறையாவது எழுந்து வீட்டுக்குள் இரண்டு நிமிடம் நடக்க வேண்டும். குளியலறை, சமையலறை, வாசல் என்று ஒரு சுற்று போதும். 1995இல் பின்லாந்தின் ஹெல்சின்கி மாநகராட்சி ஊழியர்களை வைத்து நடந்த ஆய்வில், திடீர் முதுகு வலி வந்தவர்களை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு இரண்டு நாள் படுக்கை ஓய்வு, இன்னொன்றுக்கு முதுகுப் பயிற்சிகள், மூன்றாவது பிரிவு தாங்குகிற அளவுக்கு வழக்கமான வேலைகளைத் தொடர்ந்தது. சீக்கிரம் தேறியது மூன்றாவது பிரிவுதான். கவனியுங்கள், பயிற்சி செய்தவர்களைவிடவும் இவர்கள் முந்தினார்கள். ஆகவே முதல் சில நாளில் யாராவது அனுப்பிய வீடியோவைப் பார்த்து முதுகை வளைக்க வேண்டாம். பல் துலக்குவது, குளிப்பது, காபி போடுவது இவையே அந்த நாட்களின் உடற்பயிற்சி.

வெந்நீர் ஒத்தடம் பதினைந்து இருபது நிமிடம் இதமாக இருக்கும். சர்க்கரை நோயால் உணர்ச்சி குறைந்தவர்கள் சூட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள், தோல் வெந்துபோவதே தெரியாது.

மாத்திரையில் ஒரு பொறி இருக்கிறது. மருந்துக் கடையில் இடுப்பு வலி என்று சொன்னால் இரண்டு மூன்று மருந்து சேர்ந்த வலி மாத்திரையை வெட்டிக் கொடுத்துவிடுவார்கள். டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் வகை மருந்துகள் வேலை செய்யும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அல்சர், சிறுநீரகக் கோளாறு, இதய நோய், ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கும் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் அவை ஆபத்து. மருத்துவரைக் கேட்டு, குறைந்த அளவில், குறைந்த நாட்களுக்கு மட்டும் எடுங்கள்.

சுளுக்கு எடுப்பவரிடம் போவதா? லேசாக எண்ணெய் தடவி நீவிவிடுவதில் தப்பில்லை. முதுகில் ஏறி மிதிப்பதும், உடம்பை முறுக்கி சொடக்கு எடுப்பதும், அதுவும் காலில் மரமரப்பு இருக்கும்போது, வேண்டவே வேண்டாம்.

3. யாரைப் பார்ப்பது, என்ன எடுத்துப் போவது

முதல் படியில் சொன்ன அறிகுறி எதுவும் இல்லையென்றால் நேரே எலும்பு அறுவை மருத்துவரிடம் ஓடத் தேவையில்லை. பக்கத்துத் தெரு பொது மருத்துவரோ ஆரம்ப சுகாதார நிலையமோ போதும். அங்கே போகும்போது ஒரு பிளாஸ்டிக் உறையில் இவை இருக்கட்டும்:

ஒரு பக்கத் தாளில் உங்கள் கதை. வலி எப்போது தொடங்கியது, எங்கே தொடங்கி எதுவரை இறங்குகிறது, எது செய்தால் கூடுகிறது, எது செய்தால் குறைகிறது. இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் பெயர்கள் (அட்டையையே எடுத்துப் போனாலும் சரி). கடைசியாக எடுத்த சர்க்கரை, கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) ரிப்போர்ட். பழைய எக்ஸ்ரே, ஸ்கேன் இருந்தால் அதுவும். மருத்துவருக்கு உங்களோடு பேசக் கிடைப்பது சில நிமிடம். அந்தத் தாள் இருந்தால் அந்த நேரம் பரிசோதனைக்குப் போகும்.

அரசு மருத்துவமனை என்றால் காலையிலேயே போய்விடுங்கள். புறநோயாளிச் சீட்டு இலவசம், ஆனால் சீட்டு தரும் கவுன்ட்டர் மதியத்துக்குள் மூடிவிடும். மருத்துவரிடம் “பிசியோதெரபிக்கு எழுதித் தர முடியுமா” என்று வாய்விட்டுக் கேளுங்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் அந்தப் பிரிவு உண்டு, கட்டணமும் இல்லை. அலைச்சலும் காத்திருப்பும்தான் அங்கே விலை. வாரம் மூன்று நாள் வரச் சொன்னால், வேலைக்குப் போகிறவர் அதைச் சொல்லி, பயிற்சிகளை ஒரே நாளில் கற்றுக்கொண்டு வீட்டில் செய்ய அனுமதி கேட்கலாம்.

தனியார் பிசியோ என்றால் ஒருமுறைக்கு 300 முதல் 800 ரூபாய் வரை ஆகும், வீட்டுக்கு வந்தால் அதற்கு மேல். ஊருக்கு ஊர் மாறும். பி.பி.டி. படித்தவரா என்று பாருங்கள். பயிற்சிக் காலமும் சேர்ந்த பிசியோதெரபிப் பட்டப் படிப்பு அது.

இங்கேதான் பலருடைய பணம் கரைகிறது. சில இடங்களில் போனதும் படுக்க வைத்து, முதுகில் நாலு பேடு ஒட்டி கரன்ட் வைப்பார்கள். அப்புறம் அல்ட்ராசவுண்ட் (ஸ்கேன் இல்லை, ஒலி அலையால் தரும் சிகிச்சை), அப்புறம் இடுப்பை இழுக்கும் டிராக்‌ஷன். முக்கால் மணி நேரம் முடிந்ததும் “நாளைக்கு வாங்க” என்பார்கள். பத்து நாள் பேக்கேஜ், முன்பணம் கட்டினால் தள்ளுபடி. உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கு ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. வலி பற்றிய விளக்கமும் உடற்பயிற்சியும் பரிந்துரைப் பட்டியலில் இருக்கின்றன. டிராக்‌ஷனும் இடுப்பு பெல்ட்டும் வழக்கமாகத் தர வேண்டாம் என்கிற பட்டியலில் இருக்கின்றன. அதனால் முதல் நாளே ஒரு கேள்வி கேளுங்கள்: “நான் வீட்டில் செய்ய வேண்டிய பயிற்சி என்ன, அதை எப்படிக் கூட்டிக்கொண்டு போவது?” இதற்குத் தெளிவாகப் பதில் சொல்பவரிடம் நாலைந்து தடவை போனால் போதும். “மெஷின் வச்சா சரியாயிடும்” என்பவரிடம் முன்பணம் கட்டாதீர்கள்.

4. ஸ்கேன்: அவசரப்பட வேண்டாம்

தனியார் மையங்களில் கீழ்முதுகு எம்ஆர்ஐக்கு ஐயாயிரம் முதல் பத்தாயிரம் ரூபாய் வரை ஆகும். அரசு மருத்துவமனையில் கட்டணம் மிகக் குறைவு, ஆனால் தேதி கிடைக்கக் காத்திருக்க வேண்டும். ஆபத்து அறிகுறி இருந்தால் உடனே எடுக்க வேண்டும். இல்லையென்றால் ஆறு வாரம் பொறுத்துப் பார்க்கலாம். பெரும்பாலான திடீர் முதுகு வலி அதற்குள் நன்றாகத் தணிந்துவிடும்.

பணம் மட்டும் பிரச்சினை இல்லை. ரிப்போர்ட்டில் வரும் “எல்4-எல்5 டிஸ்க் பல்ஜ்” என்கிற வரி ஆளைப் படுக்கையில் தள்ளிவிடும். கீழ்முதுகின் நான்காவது, ஐந்தாவது எலும்புகளுக்கு நடுவில் உள்ள ஜவ்வு பிதுங்கியிருக்கிறது என்றுதான் அதற்கு அர்த்தம். வீட்டில் எல்லோரும் “ஜவ்வு விலகிடுச்சாம்” என்று பேச ஆரம்பித்துவிடுவார்கள், பக்கெட் தூக்கக்கூட விட மாட்டார்கள். முதுகு வலியே இல்லாதவர்களை ஸ்கேன் எடுத்த ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் ஒரு கட்டுரை வந்தது. இருபது வயதுக்காரர்களில் 30 சதவீதம் பேருக்கும், ஐம்பதில் 60 சதவீதம் பேருக்கும், எண்பதில் 84 சதவீதம் பேருக்கும் டிஸ்க் பல்ஜ் இருந்தது. யாருக்கும் வலி இல்லை. உங்கள் ரிப்போர்ட்டைப் படிக்கும்போது உங்கள் வயதுக்கான எண்ணையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். ரிப்போர்ட்டில் இருப்பதும் உங்கள் வலி இருக்கும் இடமும் ஒத்துப்போகிறதா என்பதை மருத்துவர்தான் சொல்ல முடியும். தாளை மட்டும் வாட்ஸாப்பில் அனுப்பிக் கருத்துக் கேட்பதில் பயன் இல்லை.

எடுத்தால் ரிப்போர்ட்டோடு ஃபிலிமையும் சிடியையும் கேட்டு வாங்குங்கள். அடுத்த மருத்துவர் ரிப்போர்ட்டை நம்ப மாட்டார், படத்தைத்தான் கேட்பார்.

5. நடை: மருந்தைப் போல அளந்து கூட்டுங்கள்

மூன்று நான்கு நாள் கழித்து, வீட்டுக்குள் நடமாட முடிகிறது என்றதும் இது தொடங்கும். என்னைக் கேட்டால் மொத்த வழியிலும் இதுதான் முக்கியம். ஆனால் எல்லோரும் இதைத்தான் தாறுமாறாகச் செய்கிறார்கள். வலி குறைந்த நாளில் உற்சாகமாக ஒரு மணி நேரம் நடப்பது, மறுநாள் பிடித்துக்கொண்டதும் ஒரு வாரம் படுப்பது, திரும்ப ஒரு மணி நேரம். இப்படிச் செய்தால் மாதங்கள் ஓடும், நடக்கும் நேரம் கூடவே கூடாது. எத்தனை நிமிடம் நடப்பது என்பதை அன்றைய வலியிடம் விடாமல் ஒரு நோட்டுப் புத்தகத்திடம் விடுங்கள்.

தொடக்க அளவு கண்டுபிடிப்பது இப்படி. மூன்று நாள், சமதளத்தில், சாதாரண வேகத்தில் நடந்து, வலி தெளிவாகக் கூடத் தொடங்கும் நிமிடத்தைக் குறியுங்கள். 10, 7, 13 நிமிடம் என்று வந்தால் சராசரி 10. அதில் ஐந்தில் நான்கு பங்கு, அதாவது 8 நிமிடம், உங்கள் தொடக்கம். முதல் வாரம் காலையில் 8, மாலையில் 8. நல்ல நாளிலும் எட்டுதான், சுமாரான நாளிலும் எட்டுதான். நல்ல நாளில் நிறுத்துவதுதான் கஷ்டம்!

வாரத்துக்கு 2 நிமிடம் கூட்டுங்கள். நான்காம் வாரம் 14, எட்டாம் வாரம் 22, பன்னிரண்டாம் வாரம் 30 நிமிடம் வரும். இருபதைத் தாண்டியதும் ஒருவேளை நடை போதும், வாரத்துக்கு ஐந்து நாள்.

நடக்கும்போது வலித்தால்? பத்துக்கு மூன்று நான்கு என்று சொல்லக்கூடிய வலி, மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டால் பரவாயில்லை, அதே அளவைத் தொடருங்கள். மறுநாளும் கூடுதலாகவே இருந்தால் முந்தைய வாரத்து அளவுக்கு இறங்குங்கள், நிறுத்தாதீர்கள். கால் வலிக்கு வேறு கணக்கு. கெண்டைக்காலில் இருந்த வலி தொடைக்கு, தொடையில் இருந்தது இடுப்புக்கு என்று மேலே ஏறினால், இடுப்பில் கொஞ்சம் கூடினாலும் அது நல்ல போக்கு. இடுப்பில் இருந்தது பாதம் வரை இறங்கினாலோ மரமரப்பு பரவினாலோ நடையை நிறுத்தி மருத்துவரிடம் போங்கள்.

அறுபதைத் தாண்டிய சிலருக்கு நடந்தால் இரு காலும் கனத்து வலிக்கும், உட்கார்ந்தாலோ முன்னால் குனிந்தாலோ உடனே விட்டுவிடும். கடையில் தள்ளுவண்டியைப் பிடித்துக் குனிந்து நடந்தால் வலிக்காது என்பார்கள். நரம்பு போகும் பாதை குறுகியதால் வரும் வலியாக இது இருக்கலாம். நடையைவிட நின்ற இடத்து சைக்கிள் இவர்களுக்கு ஒத்துவரும். மருத்துவரிடம் காட்டிவிட்டுத் தொடங்குங்கள்.

நடையால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு: ஆஸ்திரேலியாவில், சிட்னியின் மக்வாரி பல்கலைக்கழகத்தினர் முதுகு வலியிலிருந்து அண்மையில் தேறிய 701 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2024இல் வந்தது. பிசியோ வழிகாட்டலோடு படிப்படியாக நடையைக் கூட்டியவர்களுக்கு, வேலையைப் பாதிக்கிற அளவு வலி திரும்ப வருவதற்குள் இடைநிலைக் கணக்கில் (பாதிப் பேருக்கு அதற்கு முன்பு, மீதிப் பேருக்கு அதற்குப் பிறகு) 208 நாள் ஆனது. ஒன்றும் செய்யாதவர்களுக்கு 112 நாள். ஆறு மாதத்துக்குள் வாரம் ஐந்து நாள், நாளுக்கு முப்பது நிமிடம் என்பதுதான் அங்கேயும் இலக்கு. வலி திரும்பவே வராது என்று யாரும் சொல்லவில்லை. இடைவெளி கிட்டத்தட்ட இரட்டிப்பானது என்றார்கள்.

எங்கே நடப்பது என்பது நம் ஊரில் சின்ன விஷயம் இல்லை. நடைபாதை ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும், பாதியில் டிரான்ஸ்ஃபார்மர் நிற்கும், அதிகாலையில் நாய்கள். பள்ளி மைதானம், மாநகராட்சிப் பூங்கா, கோயில் பிராகாரம் எல்லாம் நல்ல சமதளம். மொட்டை மாடியும் சரிதான், ஆனால் பத்தடிக்கு ஒருமுறை சட்டென்று திரும்ப வேண்டியிருந்தால் இடுப்பு முனகும். அகலமாக வளைந்து திரும்புங்கள். கடற்கரை மணலில் தொடக்கத்தில் வேண்டாம். கோடையில் ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள். தேய்ந்த ரப்பர் செருப்புக்குப் பதில் குதிகாலைப் பிடித்துக்கொள்ளும் ஏதாவது ஒரு ஷூ போதும், விலை உயர்ந்தது தேவையில்லை. வெளியே போக முடியாத வீட்டுப் பெண்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். “நாள் பூரா வீட்ல நடந்துட்டுத்தானே இருக்கே” என்பார்கள். அது நின்று நின்று செய்யும் வேலை, இந்தக் கணக்கில் வராது. அந்த 8 நிமிடத்தைத் தனியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

6. மூன்றாம் வாரத்தில் இருந்து: வலுவூட்டும் பயிற்சி

உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்னது, பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான உடலியக்கம், அதோடு வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வலு தரும் பயிற்சி. நடை முதல் பாதியைப் பார்த்துக்கொள்ளும். இரண்டாவது பாதிக்கு ஒரு பாயும் ஒரு நாற்காலியும் போதும்.

நாற்காலியில் இருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவது, பத்து முறை. மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி, இடுப்பை மெல்லத் தூக்கி ஐந்து எண்ணிவிட்டு இறக்குவது, பத்து முறை. கையும் முழங்காலும் தரையில் ஊன்றி, வலது கையையும் இடது காலையும் நேராக நீட்டி ஐந்து எண்ணுவது, பிறகு மாற்றி, பக்கத்துக்கு ஆறு முறை. அதே நிலையில் முதுகைப் பூனைபோல் மேலே வளைத்துப் பின் தளர்த்துவது, எட்டு முறை. மூச்சை அடக்காதீர்கள். எல்லாம் சேர்ந்து கால் மணி நேரம்கூட ஆகாது. எளிதாகிவிட்டால் இரண்டு சுற்று.

யோகா நல்லதுதான். ஆனால் முதல் சில வாரம் முழங்காலில் நெற்றி படக் குனியும் ஆசனங்களையும் வேகமான சூரிய நமஸ்காரத்தையும் தள்ளி வையுங்கள். வகுப்பில் சேரும்போதே ஆசிரியரிடம் இடுப்பு வலியைச் சொல்லுங்கள். ஜிம் போகிறவர்கள் எடை தூக்குவதை நிரந்தரமாக விட வேண்டியதில்லை. முன்பு தூக்கியதில் கால் பங்கில் தொடங்கினால் போதும். நீச்சல், சைக்கிள் எதுவானாலும் சரி. எந்தப் பயிற்சி சிறந்தது என்பதில் பெரிய வித்தியாசம் இல்லை, மூன்று மாதம் விடாமல் செய்யப்போவது எதுவோ அதைத் தேர்ந்தெடுங்கள்.

7. வீடு, வண்டி, அலுவலகம்

இருபது லிட்டர் தண்ணீர் கேன் இருபது கிலோவுக்குச் சற்று மேல். நிரம்பிய வீட்டு கேஸ் சிலிண்டர் முப்பது கிலோவை ஒட்டி வரும். முதல் மாதம் இரண்டையும் வேறு யாராவது தூக்கட்டும். கேனைக் கவிழ்ப்பதற்குப் பதில் கைப் பம்பு வாங்கிப் பொருத்திவிடுங்கள், சில நூறு ரூபாய்தான். ஆனால் “இனி ஜென்மத்துக்கும் எதையும் தூக்காதே” என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அரை பக்கெட், முக்கால் பக்கெட், ஐந்து கிலோ அரிசிப் பை என்று எடையையும் நடையைப் போலவே நோட்டில் எழுதிக் கூட்டுங்கள். பொருளை உடம்போடு ஒட்டிப் பிடித்துத் தூக்குங்கள், தூக்கியபடி இடுப்பைத் திருப்பாமல் காலை மாற்றித் திரும்புங்கள்.

கோலம் போடும்போது குனிந்தே நிற்காமல் நடுநடுவே நிமிருங்கள். தரையில் சம்மணம் போட்டு உட்காருவது கெடுதல் இல்லை, நெடுநேரம் அசையாமல் உட்காருவதுதான் பிடிக்கும். வேலை மேசையிலும் இதுதான். இருபதாயிரம் ரூபாய் நாற்காலியைவிட அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நிற்பது பலன் தரும். சின்ன டம்ளரில் தண்ணீர் குடித்தால் அடிக்கடி எழத்தான் வேண்டும்.

இருசக்கர வண்டியை வலி கடுமையாக இருக்கும் நாட்களில் தவிருங்கள். திரும்ப எடுக்கும்போது குறைந்த தூரம், குறைந்த வேகம், வேகத்தடையில் மிக மெதுவாக. பேருந்தில் பின் சீட்டு வேண்டாம், நடுவில் உட்காருங்கள். பெல்ட் ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? பயணத்துக்கு ஒரு மணி இரண்டு மணி நேரம் போட்டுக்கொள்ளுங்கள், நாள் முழுக்க வேண்டாம்.

8. பணம், விடுப்பு, காப்பீடு

சாதாரண வலி மூன்று மாதத்தில் தேறினால் ஆகும் செலவு இவ்வளவுதான்: மருத்துவர் இரண்டு முறை, பிசியோ நாலைந்து முறை, கொஞ்சம் மாத்திரை, ஒரு பாய். தனியாரில் நாலாயிரம் ஐயாயிரத்துக்குள் முடியும். அரசு மருத்துவமனையில் பேருந்துச் செலவுதான்.

காப்பீட்டில் பெரிய பொறி ஒன்று இருக்கிறது. “ரெண்டு நாள் அட்மிட் ஆகுங்க, ஸ்கேன், பிசியோ எல்லாம் இன்சூரன்ஸ்ல போயிடும்” என்று சில இடங்களில் ஆசை காட்டுவார்கள். பரிசோதனைக்காக மட்டும் சேர்வதும், ஓய்வுக்காகவோ புனர்வாழ்வுக்காகவோ சேர்வதும் நம் நாட்டு மருத்துவக் காப்பீட்டுப் பாலிசிகளில் வழக்கமான விலக்குகள். கிளெய்ம் நிராகரிக்கப்பட்டால் முழு பில்லும் உங்கள் தலையில். அதோடு முதுகுத்தண்டு, டிஸ்க் கோளாறுகளுக்குப் பல பாலிசிகளில் முதல் இரண்டு வருடம் காத்திருப்புக் காலம் உண்டு. புறநோயாளிச் செலவு தருகிற பிரிவு உங்கள் பாலிசியில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் மருத்துவரின் சீட்டில் “பிசியோதெரபி, இத்தனை முறை” என்று எண்ணோடு எழுதி வாங்குங்கள். ஒவ்வொரு முறைக்கும் தேதி, பதிவு எண், கையெழுத்து உள்ள ரசீது வேண்டும். துண்டுச் சீட்டில் மொத்தமாக எழுதித் தருவது செல்லாது.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை (குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும்) மருத்துவமனையில் சேர்ந்து செய்யும் சிகிச்சைகளுக்குத்தான். வெளியில் போய்ச் செய்யும் பிசியோவுக்கு அதை நம்பாதீர்கள். ஆனால் பின்னால் அறுவை சிகிச்சை தேவைப்படலாம் என்று தோன்றினால் வருமானச் சான்று, ரேஷன் அட்டை, ஆதார் மூன்றையும் இப்போதே தயார் செய்யுங்கள். கடைசி நேரத்தில் வருமானச் சான்றுக்கு அலைவது கொடுமை.

இஎஸ்ஐ என்கிற தொழிலாளர் அரசுக் காப்பீடு உள்ளவர்கள், அதாவது மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை வாங்கி சந்தா பிடிக்கப்படுபவர்கள், வெளி மருத்துவரிடம் சான்று வாங்கி நேரத்தை வீணாக்க வேண்டாம். முதல் நாளே இஎஸ்ஐ மருந்தகத்தில் காட்டி அங்கேயே விடுப்புச் சான்று வாங்குங்கள். தகுதி இருந்தால் சம்பளத்தில் 70 சதவீதம், வருடத்துக்கு 91 நாள் வரை கிடைக்கும். வேலைக்குத் திரும்பும் நாளுக்குத் தகுதிச் சான்றும் வேண்டும், அதை முந்தின நாளே வாங்கிவிடுங்கள்.

மற்ற அலுவலகங்களில் விடுப்புச் சான்றோடு ஒரு வரி கூடுதலாகக் கேட்டு வாங்குங்கள்: “இரண்டு வாரத்துக்குக் கனமான பொருள் தூக்குவதும் தொடர்ந்து உட்காருவதும் கூடாது.” முழு விடுப்பைவிட, இந்த வரியோடு சீக்கிரம் வேலைக்குத் திரும்புவது உடம்புக்கும் சம்பளத்துக்கும் நல்லது.

வீட்டைவிட்டு வர முடியாத பெரியவர்கள் இருந்தால் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே பிசியோ வருவார். 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய திட்டம். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்தால் போதும்.

9. திரும்பப் பிடித்துக்கொண்டால்

பலருக்கும் ஒரு வருடத்துக்குள் திரும்ப வரும். அப்போது புதிதாக ஏதோ உடைந்துவிட்டது என்று நினைக்காமல் முதல் படியின் பட்டியலை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். அதில் எதுவும் இல்லையென்றால் நடையைப் பாதியாக்குங்கள், வலுவூட்டும் பயிற்சியை மூன்று நான்கு நாள் நிறுத்துங்கள், ஒத்தடம் கொடுங்கள். பிறகு வாரத்துக்கு 2 நிமிடத்துக்குப் பதில் இரண்டு நாளுக்கு ஒருமுறை 2 நிமிடம் கூட்டிப் பழைய அளவுக்கு வாருங்கள். முதல் தடவையைவிட வேகமாக ஏற முடியும்.

ஆறு வாரம் ஒழுங்காகச் செய்தும் நடக்கும் நிமிடம் கூடவே இல்லை, அல்லது கால் வலி தூங்க விடவில்லை என்றால் நோட்டை எடுத்துக்கொண்டு மருத்துவரைப் பாருங்கள். ஸ்கேன் எடுக்க அதுதான் சரியான நேரம். பன்னிரண்டு வாரம் கழித்தும் அதே நிலை என்றால் முதுகுத்தண்டு நிபுணரிடம் போகலாம். ஊசி, அறுவை சிகிச்சை என்று பேச்சு வந்தால் இரண்டாவது கருத்து கேட்காமல் தேதி குறிக்காதீர்கள். இரண்டாவது மருத்துவரிடம் முதல் மருத்துவர் சொன்னதைச் சொல்லாமல் ஃபிலிமையும் நோட்டையும் மட்டும் கொடுங்கள், அவர் தானாக என்ன சொல்கிறார் என்று கேட்டுவிட்டுப் பிறகு ஒப்பிடலாம்.